ஹான் (கொரியச் சொல்)

ஹான் என்பது கொரிய மொழியில் பல பொருள்களில் வழங்கும் ஓரசைச் சொல் ஆகும். எண், பெருமை, நாட்டின் பெயர், ஆறாத மனத்துயர் ஆகிய எல்லாவற்றையும் இது குறிக்கும். கொரிய எழுத்தில் இவை ஒரே வடிவில் எழுதப்பட்டாலும், ஒரே வேரில் பிறந்தவை அல்ல.

தனிக்கொரியச் சொல்

ஒன்று எனப் பொருள்படும் 'ஹானா', பெயர்ச்சொல்லின் முன் 'ஹான்' எனக் குறுகும். 'பெரிய' என்னும் பொருளுடைய பழைய ஹானும் உண்டு. தேஜோன் நகரின் பழம்பெயரான ஹான்பாத் 'பெரிய வயல்' எனப் பொருள்படும். தாத்தாவைக் குறிக்கும் 'ஹராபோஜி' என்பதும் ஹான், அபோஜி (தந்தை) ஆகிய சொற்கள் சேர்ந்து உருவானதே. கோடை, குளிர்காலம் ஆகியவற்றின் முன் இச்சொல் வந்தால் அப்பருவத்தின் உச்சத்தைக் குறிக்கும்.

நாட்டின் பெயர்

பண்டைக் காலத்தில் கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதியில் மாஹான், ஜின்ஹான், பியோன்ஹான் என மூன்று கூட்டமைப்புகள் இருந்தன. 1897இல் மன்னர் கோஜோங் நாட்டைப் பேரரசாக அறிவித்தபோது, ஜோசியோன் என்ற பெயரை நீக்கி, இக்கூட்டமைப்புகளை நினைவூட்டும் 'தேஹான்' (பெரிய ஹான்) என்ற பெயரைச் சூட்டினார். 1910இல் ஜப்பான் நாட்டை இணைத்துக்கொண்டதும் அப்பெயர் விலக்கப்பட்டது. 1919இல் ஷாங்காயில் அமைந்த தற்காலிக அரசு 'தேஹான் மின்குக்' (பெரிய ஹான் குடியரசு) என்று அதை மீட்டது. 1948 முதல் தென்கொரியாவின் பெயர் இதுவே. வடகொரியா ஜோசியோன் என்ற பெயரைக் கொண்டது. இதனால் தெற்கு வடக்கைப் 'புக்ஹான்' (வட ஹான்) என்றும், வடக்கு தெற்கை நெடுங்காலம் 'நம்ஜோசியோன்' (தென் ஜோசியோன்) என்றும் அழைத்தன. ஒவ்வொரு பெயரிலும் முழு நாட்டுக்குமான உரிமைக் கோரல் அடங்கியிருந்தது.

1446இல் வெளியிடப்பட்ட கொரிய எழுத்துக்கு 'ஹங்குல்' என்ற பெயர் 1910களில்தான் வந்தது. ஜப்பானிய ஆட்சியில் 'தேசிய மொழி' என்ற சொல் ஜப்பானிய மொழிக்கு உரியதாகிவிட்ட நிலையில், மொழியறிஞர் ஜூ சிக்யோங் வட்டத்தினர் இப்பெயரைப் பரப்பினர். இதிலுள்ள ஹான் 'பெரிய' என்றும் 'கொரிய' என்றும் பொருள் தரும்.

மனத்துயர்

துயரைக் குறிக்கும் ஹான் சீன மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். தீராத மனக்குறை, அநீதியால் நெஞ்சில் தங்கிய வலி என்பன இதன் பொருள்கள். 1993இல் வெளியான 'சியோபியோன்ஜே' திரைப்படம் இவ்வுணர்வைப் பான்சோரி இசையோடு இணைத்துக் காட்டியது. இதனைக் கொரியரின் பிறவிக்குணமாகக் கருதும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகே என எழுதிய ஜப்பானியர் யானாகி முனேயோஷியின் கருத்துக்கும் இதில் பங்குண்டு என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.