காஷ்மியர் பள்ளியின் இசைத்தட்டுகள்

எந்த இசையைப் பள்ளிக்கூடம் சங்கீதமென ஏற்றுக்கொள்கின்றது என்பது வெறும் இரசனை பற்றிய வினாவன்று. அவ்விசையைப் பிறப்பித்த மக்கள் சமுதாயத்தில் எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளனர் என்பதோடு பிணைந்த வினா அது. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து வரலாற்றிலிருந்து இதனை நாம் நன்கு அறியலாம்.

1947ஆம் ஆண்டில், டென்டன் நகரத்து வட டெக்சாஸ் கல்லூரி ஜாஸ் இசைக்கு ஒரு பட்டப்படிப்பைத் தொடக்கியது. அந்நாட்டில் அத்தகைய படிப்பு அதுவே முதலாவது. ஆயினும் ‘ஜாஸ்’ என்ற பெயரைச் சூட்ட எவருக்கும் துணிவு வரவில்லை. ‘நடன வாத்தியக் குழு’ என்ற பெயரிலேயே அது கற்பிக்கப்பட்டது. மறைக்கப்பட்டது பெயர் மட்டுமா? அவ்விசையை உலகுக்கு ஈந்த கறுப்பின மக்களின் பிள்ளைகள் 1950களின் நடுப்பகுதி வரை அக்கல்லூரியில் இளநிலை மாணவராகச் சேரவே இயலாதிருந்தது. பள்ளிகளிலும் இதே கூச்சந்தான். அங்கே அது ‘மேடை வாத்தியக் குழு’ ஆயிற்று.

இச்சூழலிலேதான் கொன்றாட் ஜோன்சன் என்ற ஆசிரியரின் பணியை நாம் நோக்கவேண்டும். 1915இல் பிறந்த அவர், கறுப்பின மாணவருக்கென அமைந்த வைலி கல்லூரியிற் பயின்று, 1941இல் ஆசிரியத் தொழிலில் இறங்கினார். சக்சபோன் வாசிப்பிற் கைதேர்ந்தவர். தொழில்முறைக் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்றிருக்கலாம். குடும்பத்தையும் வகுப்பறையையுமே தெரிந்தெடுத்தார். ஹூஸ்டன் நகரின் வடகிழக்கே, தொழிற்சாலைகளும் இருப்புப் பாதைகளும் சூழ்ந்த கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் அமைந்தது காஷ்மியர் உயர்நிலைப் பள்ளி. 1960களின் பிற்பகுதியில் அங்கு அவர் வாத்தியக் குழுவை நடத்திவந்தார்.

1967இல் ஓட்டிஸ் ரெடிங்கின் மேடை நிகழ்ச்சியொன்றைக் கண்டமை அவருடைய கற்பித்தலைத் திசை திருப்பியது. தம் மாணவர் வீட்டு வானொலியிற் கேட்கும் இசை இதுவாயின், பள்ளியில் மட்டும் அது ஏன் வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டும்? முரசும் மின் கித்தாரும் தாளத்தை முன்னெடுக்க, ஊதுகருவிகள் வெட்டி வெட்டிப் பாயும் ‘ஃபங்க்’ இசையை அவர் பயிற்றினார். புதிய உருப்படிகளைத் தாமே எழுதினார். இதனாற் கட்டுப்பாடு தளர்ந்ததென எவரும் கருதவேண்டாம். சுரக் குறிப்பு வாசித்தலும், சுருதி சேர்த்தலும், நாள்தோறும் சாதகமும் முன்னிருந்ததிலும் கடுமையாயின.

அவர் அத்துடன் நிற்கவில்லை. மாணவரின் வாசிப்பை ஒலிப்பதிவு செய்து, ‘கிராம்’ என்ற தமது சொந்தச் சின்னத்தின் கீழ் நெடுந்தட்டுகளாக வெளியிட்டார். அந்நாளில் ஒலிப்பதிவு நாடாவில் நிகழ்ந்தது. தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடமே கொள்ளும். மேடையில் ஒருவன் தவறினால் கைதட்டலில் அது மறைந்துபோகும். ஒலிவாங்கியோ எதனையும் மன்னிப்பதில்லை. குழல் ஊதுவோன் எவ்வளவு தூரத்தில் நிற்பது, முரசின் ஓசை பிறவற்றை விழுங்காதிருக்க என் செய்வது என்பனவெல்லாம் கைத்தொழில் அறிவுகள். இவற்றிலும் பெரிதாக நாம் மதிப்பது ஒன்றுண்டு. தன் வாசிப்பைத் தானே வெளியிலிருந்து கேட்கும் பிள்ளை, ஆசிரியர் சொல்லாமலே தன் குறையை அறிகின்றது. தன் உழைப்பு ஒரு பொருளாக உருப்பெற்று, அயலார் வீட்டிலும் சுழலக் காண்கின்றது. பரீட்சைத் தாளால் இதனைத் தர முடிவதில்லை.

பயன் விரைவிலேயே தெரிந்தது. 1969 முதல் 1977 வரை பங்குபற்றிய 46 போட்டிகளில் 42இல் அக்குழு வென்றது. ஐரோப்பாவும் யப்பானும் அதனை அழைத்தன. போட்டிப் பரிசுகளைக் கல்வியின் அளவுகோலாக நாம் கொள்வதில்லை. எனினும், தாழ்த்தப்பட்ட பகுதியொன்றின் பிள்ளைகள் வசதிமிக்க பள்ளிகளை அவற்றின் களத்திலேயே முந்தியமை சிறு செய்தியன்று.

அதே ஆண்டுகளில் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது வேறு. பள்ளிச் செலவின் கணிசமான பகுதி அவ்வப் பகுதிச் சொத்து வரியிலிருந்தே திரட்டப்பட்டதால், செல்வர் பகுதிப் பள்ளிகள் செழிக்க ஏழைப் பகுதிப் பள்ளிகள் வாடின. சான் அன்டோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கில், இவ்வேற்றுமை அரசியலமைப்புக்கு முரணன்று என 1973இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு மனிதரின் ஆற்றலில் தங்கிய சாதனை எத்துணை நாள் நிலைக்கும்? 1978இல் ஜோன்சன் ஓய்வுபெற்றார். குழுவின் புகழ் மங்கியது. பின்னாளில், 2010களின் பெரும்பகுதியில், காஷ்மியர் என்ற பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது மாநிலத் தரமதிப்பீட்டிற் தேறாத பள்ளி என்ற வகையிலேயே.

தட்டுகளோ வேறு வழியிற் சென்றன. பள்ளிப் பிள்ளைகள் வாசித்த அவை சேகரிப்போரிடையே அரும்பொருளாகி, வாசித்தோர் எவரும் காணாத விலைக்குக் கைமாறின. சந்தையின் இயல்பு அதுவே. ஆயினும், 2006இல் கலிபோர்னியாவின் ஒரு சிறு நிறுவனம் ஜோன்சனைத் தேடிக் கண்டு அவற்றை மீள வெளியிட்டமையாலேயே அவ்வரலாறு மீண்டும் பேசப்படலாயிற்று. 2008 பெப்ரவரியில் பழைய மாணவர் ஒன்றுகூடி அவர் முன்னிலையில் வாசித்தனர். அவர்களுட் சிலர் 30 ஆண்டுகளுக்கு மேலாக வாத்தியத்தைத் தொடாதவர்கள். கூடிப் பயிற்சி செய்தே மேடையேறினர். சில நாட்களுக்குள் ஜோன்சன் தமது 92ஆம் வயதிற் காலமானார்.