வெப்பம் வெளியேறும் வழி

ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் இணைந்து நிலவும் நகரம் கொழும்பு. இங்கு வீடு கட்டியோர் எக்காலத்தும் எதிர்நோக்கிய வினா ஒன்றுண்டு. வீட்டினுள் சேரும் வெப்பத்தை எவ்வழியால் அகற்றுவது என்பதே அது.

ஒல்லாந்தர் தடித்த சுவரால் விடை கண்டனர். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் 1757ஆம் ஆண்டு நிறைவெய்திய வுல்வெண்டால் தேவாலயத்தின் சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடிக் கனமுடையவை. பகல் வெயில் அவற்றைக் கடந்து உட்புகுமுன் பொழுது சாய்ந்துவிடும். யாழ்ப்பாணத்தாரோ நாற்சார் வீட்டின் நடு முற்றத்தால் விடை கண்டனர். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழற்புறத்துக் காற்று அவ்விடத்தை நிரப்பிற்று.

இயந்திரம் பின்னரே வந்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன், காற்றோட்டத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் இயலும் என 1852ஆம் ஆண்டிலேயே விளக்கினார். 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில், அச்சகமொன்றின் காகிதம் ஈரத்தால் விரிந்து வர்ணங்கள் இடம்பிறழ்ந்தமையால், காற்றின் ஈரத்தை அடக்கும் பொறியை வில்லிஸ் கரியர் வகுத்தார். அதன் வழித்தோன்றல்களே இன்றைய வீட்டுக் குளிரூட்டிகள்.

குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலுள்ள வெப்பத்தைக் கிணற்று நீர்போல் இறைத்து வெளியே கொட்டுகின்றது. கிணறு ஆழமானால் இறைப்போனுக்கு உழைப்பு மிகும். அவ்வாறே வெளிப்பெட்டியைச் சூழ்ந்த காற்றுச் சூடேறினால், கொம்பிரசர் அதிக அமுக்கத்தில் உழைக்க நேர்ந்து, மின்சாரச் செலவும் மிகும்.

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், முன்னர் தோட்டஞ் சூழ்ந்த வீடுகள் நின்ற காணிகளில் தொடர்மாடிகள் எழுந்தன. இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய சந்தில் வெளிப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், ஒன்று உமிழ்ந்த சூட்டையே மற்றொன்று உள்ளிழுக்கும். கீழ்மாடியார் கொட்டிய வெப்பத்துக்கு மேல்மாடியார் மின்கட்டணம் செலுத்துவர். கடல்முகமாக வைத்தாலோ, உப்புக்காற்று உலோகத் தகடுகளை அரிக்கும். சோழகம் எதிர்த்து வீசி விசிறியைத் தடுக்கும்.

ஆதலின் நிழலுள்ள பக்கத்தில், சுவரிலிருந்து இடைவெளி விட்டு, முன்புறம் தடையின்றி, வீசுங் காற்றுக்குக் குறுக்காகப் பெட்டியை அமைத்தல் நன்று. தகடுகளிற் படியும் உப்பை நன்னீரால் மென்மையாகக் கழுவுதலும் வேண்டும்.

செலவு மாத்திரமன்றி அயலவர் நலனும் இதில் அடங்கியுள்ளது. கொட்டாஞ்சேனையின் நெருங்கிய ஒழுங்கைகளில், பெட்டியின் வாய் எதிர்வீட்டுச் சன்னலை நோக்குமாயின், அச்சூடு குளிரூட்டி வாங்க வசதியற்ற குடும்பத்தின் அறைக்குள்ளே புகும். நாற்சார் வீட்டின் முற்றத்தை முன்னோர் வீண்நிலமெனக் கருதவில்லை. வெப்பம் வெளியேறுவதற்கென்றே அதனை விட்டுவைத்தனர். இயந்திரம் வந்த பின்னரும், காற்றுக்கு விடவேண்டிய அந்த இடத்தை எவராலும் மிச்சம் பிடிக்க இயலவில்லை.