நந்தா விளக்கும் நேரியல் சமன்பாடும்: திருவண்ணாமலைக் கல்வெட்டுகளை வாசிக்க ஒரு கணக்கு வழி

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் சோழர், காடவர், போசளர், விசயநகர அரசர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றுள் பல தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் இடம்பெற்றன, பின்னர் பி.ஆர். சீனிவாசன் பதிப்பாகப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் இக்கோயிற் கல்வெட்டுகளை வெளியிட்டது. அரசியல் வரலாற்றுக்கும் சமய வரலாற்றுக்கும் இவை பெரிதும் பயன்பட்டுள்ளன. ஆயினும் விளக்குக் கொடை, நிலக் கொடை, பொற்கொடை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கணக்கும் ஆகும். அக்கணக்கின் அமைப்பு நேரியல் சமன்பாடு என்பதையும், அது யாருடைய சுமையை மறைக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விளக்கின் விலை

இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு நந்தா விளக்கு. அதற்கு நாள்தோறும் நெய் வேண்டும். நெய்க்குக் கால்நடை வேண்டும். இத்தொடர்பை மிகத் தெளிவாகக் காட்டுவன தஞ்சைப் பெரியகோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள். அங்கு ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விடப்பட்டன. எனவே ஒரு பசு இரண்டு ஆடுகளுக்கும், ஓர் எருமை ஆறு ஆடுகளுக்கும் ஈடாகும். ஆடுகளின் எண்ணிக்கையை ஆ என்றும், பசுக்களை ப என்றும், எருமைகளை எ என்றும், விளக்குகளை வி என்றும் கொண்டால் சமன்பாடு இவ்வாறு அமையும்:

ஆ + 2ப + 6எ = 96வி

காட்டாக, 40 ஆடும் 16 பசுவும் 4 எருமையும் ஒருங்கே ஓர் இடையரிடம் விடப்படின் 40 + 32 + 24 = 96; ஒரு விளக்கு நிறைவுறும். இனம் வேறுபட்ட கால்நடைகளைக் கலந்து கொடுத்தாலும் கணக்குப் பிழையாது.

இக்குணகங்கள் எங்கும் ஒன்றாக இருந்தன அல்ல. சில ஊர்களில் விளக்கு ஒன்றுக்கு 90 ஆடுகளும், சில ஊர்களில் 32 பசுக்களும் குறிக்கப்பெறுகின்றன. சமன்பாட்டின் வடிவம் நிலைத்திருக்க, குணகம் ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறியது. ஆகவே திருவண்ணாமலைக் கொடைகளை ஆராய்வோர் தஞ்சையின் வீதத்தை அப்படியே பொருத்திவிடாமல், அந்தந்தக் கல்வெட்டு தரும் எண்களிலிருந்தே குணகத்தைப் பெறுதல் வேண்டும்.

முக்காலே மூவீசம்

நாழி ஒன்றுக்கு உழக்கு நான்கு. நாளுக்கு உழக்கு வீதம் 360 நாளுக்கு 90 நாழி நெய் ஆகும். இதனை 96 ஆடுகளுக்குப் பகிர்ந்தால் ஓர் ஆட்டின் ஆண்டுப் பங்கு நாழியில் 15/16, அதாவது தமிழ்ப் பின்ன வாய்பாட்டின்படி முக்காலே மூவீசம். ஒவ்வோர் ஆடும் ஆண்டுக்கு ஒரு நாழிக்குச் சற்றுக் குறைவாகவே நெய் தரவேண்டியிருந்தது என்பது இதனால் விளங்கும். 'முக்காலே மூவீசம்' ஏறத்தாழ முழுமை என்னும் பொருளில் இன்றும் வழக்கில் உள்ளது.

மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் காணும் திரைராசிகத்தை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவில் விதியாக வகுத்தார். தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் நெல், பொன், நிலம் முதலிய அன்றாடப் பொருள்களை வைத்துக் கணக்குக் கற்பித்தது. கோயில் ஆவணங்களின் கணக்கும் இதே நேர்விகித முறையைச் சார்ந்தது.

பொலிசை

பொற்கொடையிலும் இதே அமைப்பைக் காணலாம். தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5 விழுக்காடு வட்டி, வழங்கியது. ஆண்டுக்கு ஒரு காசு செலவாகும் வழிபாட்டுக்கு எட்டுக் காசு முதலாக வைத்தல் வேண்டும். முதல் குறையாமல் பொலிசை மட்டும் செலவாவதால் அறம் சந்திராதித்தவல் நிற்கும் எனக் கொள்ளப்பட்டது. சமன்பாட்டில் காலத்துக்கு எல்லை இல்லை.

சாவாத ஆடும் சாகின்ற ஆடும்

விளக்குக் கொடை ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகும், மூப்பெய்தும், ஈனும். வறட்சியில் பால் வற்றும். ஆனால் சமன்பாடு மாறாதிருக்க எண்ணிக்கையும் மாறாதிருத்தல் வேண்டும். அம்மாறாமையை நிலைநிறுத்தும் பொறுப்பு மன்றாடிகள் மேலும் அவர்களுக்குப் புணைப்பட்டோர் மேலும் வைக்கப்பட்டது. இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியை வளர்த்துச் சேர்த்தாலன்றி 96 என்னும் எண் நிற்காது. நல்ல ஆண்டில் மிகுந்த பாலும் குட்டியும் அவர்களிடம் எஞ்சியிருக்கலாம்; தீய ஆண்டிலும் உழக்கு உழக்கே. இயற்கையின் ஏற்றத்தாழ்வு கோயிற் கணக்கில் இடம்பெறாமல் இடையர் குடியின் கணக்கிற் சென்று சேர்ந்தது.

முடிவுரை

விளக்குக் கொடையின் சமன்பாடு வெவ்வேறு பொருள்களை ஒரே அளவில் ஒப்பிடவும், கொடையாளர், கோயில், இடையர் ஆகிய மூவரையும் ஓர் உடன்பாட்டிற் பிணைக்கவும் உதவியது. அதே வேளையில் அதன் மாறிலி ஒவ்வொன்றின் பின்னும் அதனை மாறாமற் காத்தவரின் உழைப்பு உண்டு. திருவண்ணாமலைக் கல்வெட்டுகளின் ஆட்டெண்ணிக்கை, நெய்யளவு, அளவைப் பெயர், புணை ஆகிய நான்கையும் கால வரிசையிற் பட்டியலிட்டு ஒப்பிட்டால், குணகம் மாறிய காலங்களில் அவ்வுழைப்பின் சுமை கூடியதா குறைந்ததா என்பதை மதிப்பிட வழி பிறக்கும்.