மாற்றுச் சிறுநீரகமும் என்பின் நலமும்: வன்னிப் பெருநிலம் நோக்கிய ஒரு வரலாற்றாய்வு

ஒரு நிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதனை ஆண்டோரையும் அங்கு நிகழ்ந்த போர்களையுமே பெரிதும் எழுதினர். வன்னியைப் பொறுத்தவரை குளத்தையும் நோயையும் விடுத்து வரலாறு எழுதுதல் இயலாது. குளங்கள் உடைந்து காடு மண்டிய காலத்தில் மக்களை வருத்தியது மலேரியா. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு அந்நோய் தணிந்த பின்னரே வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்கள் வேரூன்றின. பின்னாளில் அந்நிலத்தின் தென்புறத்தே வேறொரு நோய் தலைகாட்டியது. 1990களில் வடமத்திய மாகாணத்து உழவரிடையே இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் பற்றியுள்ளது. நோய் முற்றியவர்க்கு உயிர் காக்கும் வழிகள் இரண்டே: குருதியைச் செயற்கையாகச் சுத்திகரித்தல், அன்றேல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதல். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் எதிர்கொள்ளும் அடுத்த வினா, நலிவுறும் என்புக்கு எச்சிகிச்சையை மேற்கொள்வது என்பதாகும். அவ்வினா தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோசப் மரே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். ஒத்த இரட்டையராதலின், உடல் அதனை அந்நியமென ஒதுக்கவில்லை. ஏனையோர்க்கு இப்பேறு வாய்க்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அசதியோபிரின், பிரெட்னிசொலோன் ஆகிய மருந்துகளை இணைத்து வழங்கி உடலின் நிர்ப்பீடனத்தைத் தணித்த பின்னரே இச்சிகிச்சை பரவலாயிற்று. இலங்கையில் 1985 இல் முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்திற்குச் சட்ட வடிவம் தந்தது.

உயிர் காத்த மருந்தே என்பை அரித்தது. பிரெட்னிசொலோன் ஸ்ரெரொயிட் வகையினது. இவ்வகை ஓமோன் உடலில் மிகுமிடத்து என்பு நலிவுறும் என்பது 1932 இல் ஹார்வி குஷிங் விவரித்த நோயாளரிடத்தே காணப்பட்டது. 1991 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 20 பேரின் முள்ளந்தண்டு என்பின் அடர்த்தி முதல் ஆறு மாதங்களுள் சராசரியாக 6.8 சதவீதம் குறைந்ததைக் காட்டிற்று. அன்றியும், சிறுநீரகம் பழுதுற்ற காலத்திலேயே உடலில் பொசுபரசு தேங்கும். விற்றமின் டீ செயற்படு வடிவம் பெறாது. பராதைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்து என்பைக் கரைக்கும். எனவே இந்நோயாளரின் என்பு இருமுறை ஊறுபட்டதாகும்.

இத்தகையோர்க்கு, முதியோரின் என்புத் தேய்வுக்கு வழங்கப்படும் பிஸ்பொஸ்பொனேற்று மருந்தை வழங்கினால் போதுமெனத் தோன்றலாம். 2003 இல் வெளியான ஓர் ஆய்வு எச்சரிக்கை விடுத்தது. அம்மருந்து என்பின் அடர்த்தி குறையாது காத்தது உண்மையே. ஆயினும் என்பு தன்னைத் தானே புதுப்பிக்கும் இயக்கம் தளர்ந்திருந்தது. புதுப்பிக்கப்படாத என்பு நுண்வெடிப்புகளைச் செப்பனிடாது. மேலும், இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதாதலின் புதிய சிறுநீரகத்தின் வலுவையும் கணித்தல் வேண்டும். 2009 இலும் 2017 இலும் வெளியான சர்வதேச வழிகாட்டல்கள் இதனாலேயே கல்சியம், பொசுபரசு, பராதைரொயிட் ஓமோன், விற்றமின் டீ ஆகியவற்றின் அளவுகளை நோக்கிச் சிகிச்சையைத் தெரியுமாறும், ஐயமுள்ளவிடத்து என்புத் துணுக்குச் சோதனையைக் கருதுமாறும் கூறின.

வன்னியின் நீரும் இங்கு கருதற்பாலது. இலங்கையின் வரண்ட வலயத்து நிலத்தடி நீரில் பலவிடங்களில் புளோரைட்டு மிகுந்துள்ளது. பழுதுற்ற சிறுநீரகம் அதனை முறையாக வெளியேற்றாமையால் அது என்பிலே படியும். 1990 இல் வெளியான மேயோ மருத்துவ நிலைய ஆய்வில், புளோரைட்டு உண்ட மூதாட்டியரின் முள்ளந்தண்டு அடர்த்தி நான்கு ஆண்டுகளில் 35 சதவீதம் உயர்ந்தது. முள்ளந்தண்டு முறிவுகளோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிறவிடத்து என்பு முறிவுகள் பெருகின. அடர்த்தி மிகுந்த என்பும் நொறுங்கக்கூடும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். கிணற்று நீர் பருகி வளர்ந்த உழவரிடத்து அடர்த்தி அளவீட்டை மாத்திரம் நம்பி, என்பு நலமாயுள்ளதெனத் துணிதல் தகாது.

வயலை நம்பி வாழும் குடும்பத்தில் இடுப்பென்பு முறிதல் உழைப்பின் முடிவாகவும் அமையலாம். அதற்கஞ்சி நிர்ப்பீடனந் தணிக்கும் மருந்தைத் தாமாகவே நிறுத்துவோர் பெற்ற சிறுநீரகத்தையே இழக்க நேரிடும். ஆதலின், மருந்தைக் குறைப்பதா, விற்றமின் டீ சேர்ப்பதா, பிஸ்பொஸ்பொனேற்று வழங்குவதா என்பதை ஒவ்வொருவரின் குருதிச் சோதனையையும் சிறுநீரக வலுவையும் அவர் பருகிய நீரையும் ஆராய்ந்து மருத்துவரும் நோயாளரும் கூடியே துணிதல் வேண்டும். ஒரு நோய்க்கு நன்று எனக் கண்ட மருந்தை ஆராயாது பிறிதொன்றுக்கு வழங்குதல் ஆகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.