புரொட்டாகனிஸ்ட்டில் 'புரோ' இல்லை

ஆங்கில இலக்கியத் தேர்வு நெருங்கினால் மாணவர் கைகளில் கலைச்சொற் குறிப்புகள் புழங்கத் தொடங்கும். 'புரோ' என்றால் ஆதரவு, 'ஆன்டி' என்றால் எதிர்ப்பு. ஆகவே புரொட்டாகனிஸ்ட் நல்லவன், ஆன்டகனிஸ்ட் கெட்டவன் என்று அவற்றில் எழுதியிருக்கும். மனப்பாடத்துக்கு வசதியான பிரிப்புதான். ஆனால் முழுப் பிழை. இதை நம்பும் பிள்ளை மெக்பெத்தை எந்தப் பக்கம் வைக்கும்? அரசனைக் கொன்றவன் அவன். நாடகத்தின் புரொட்டாகனிஸ்ட்டும் அவனே. கொடுங்கோலனை வீழ்த்தும் மெக்டஃப்தான் அங்கே ஆன்டகனிஸ்ட்.

'புரோ'வும் 'அகோனிஸ்டேஸ்' என்பதும் புணர்ந்ததென்றால் நடுவில் டகரம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை சொல்லாத பிரிப்பைப் பிரிப்பென்று ஏற்பதற்கில்லை. அது 'புரோட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் டகரம். புரோட்டோஸ் என்றால் முதல். அகோனிஸ்டேஸ் என்றால் போட்டியிடுபவன், மேடையில் நடிகன். முதல் நடிகன், அவ்வளவே.

'புரோ' மெய்யாகவே சேர்ந்த சொல்லும் கிரேக்கத்தில் உண்டு: புரோஅகோன். அங்கும் அதன் பொருள் ஆதரவு அன்று, 'முன்'. ஏதென்ஸில் டயோனிசஸ் திருவிழாவின் நாடகப் போட்டிக்கு முன்னர்க் கவிஞர்கள் தம் நடிகர்களோடு மக்கள் எதிரே தோன்றும் சடங்கு அது. யூரிப்பிடீஸ் மறைந்த செய்தி எட்டியதும் சோஃபக்ளீஸ் துக்க உடையில் வந்ததும், தம் நடிகர்களை முடிமாலை இல்லாமல் நிறுத்தியதும் இந்தச் சடங்கில்தான் என்கிறது யூரிப்பிடீஸைப் பற்றிய பழைய வரலாறு.

அகோன் என்பது ஹோமரிடம் மக்கள் திரளும் இடத்தையும் குறிக்கும், போட்டியையும் குறிக்கும். 'நடத்து, கொண்டுசெல்' எனப் பொருள்படும் 'அகெய்ன்' அதன் வேர். போட்டியின் பரபரப்பு 'அகோனியா' ஆகி, ஆங்கிலத்தில் வேதனையைக் குறிக்கும் 'அகனி' ஆயிற்று. மில்டன் 1671இல் வெளியிட்ட நாடகத்தில் சாம்சனுக்கு 'அகோனிஸ்டேஸ்' என்றே அடைமொழி தந்தார்.

அதே 1671இல் டிரைடன் ஒரு முன்னுரையில் புரொட்டாகனிஸ்ட் என்ற சொல்லை எழுதினார். ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் ஆட்சி அதுவே, பன்மையில் வருகிறது. ஒரு நாடகத்தில் முதல் நடிகன் ஒருவனே இருக்க முடியும், பன்மை தகாது என்று 1926இல் தம் ஆங்கில வழக்கு நூலில் ஃபௌலர் கடிந்தார். 'புரோ' மயக்கத்தையும் அவர் கண்டித்தார், அது சரி. பன்மையோடு பிறந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பன்மையை மறுத்தது சரியில்லை.

அரிஸ்டாட்டில் சொல்வது தெரிந்ததே: ஒரு நடிகனை இருவராக்கியவர் ஈஸ்கிலஸ், மூவராக்கியவர் சோஃபக்ளீஸ். இந்த வரிசையில் முதல்வன் புரொட்டாகனிஸ்ட், மூன்றாமவன் டிரிட்டாகனிஸ்ட். அரசியல்வாதியாக மாறிய நடிகர் ஈஸ்கினீஸை, கி.மு. 343இல் பேச்சாளர் டெமஸ்தனீஸ் மூன்றாம் நடிகன் என்று சொல்லியே குத்தினார். செங்கோலோடு நுழையும் கொடுங்கோலன் வேடம் மூன்றாம் நடிகனுக்கு உரிய சலுகை என்றும், சோஃபக்ளீஸின் ஆன்டிகனி நாடகத்தில் கிரேயோனாக வந்தவர் ஈஸ்கினீஸ் என்றும் சொன்னார். அந்நாடகத்தின் மைய ஆள் ஆன்டிகனியா கிரேயோனா என்று வகுப்புகளில் இன்றும் வழக்காடுகிறார்கள். கிரேயோனுக்கே வரிகள் மிகுதி, இறுதிவரை மேடையில் நிற்பவனும் அவனே என்பார்கள். வரியை எண்ணி முதன்மை கணிக்கும் முறை கிரேக்க மேடைக்கு ஒவ்வாது. டெமஸ்தனீஸ் பேசியது நாடகம் அரங்கேறி ஏறத்தாழ நூறாண்டு கழித்து என்பது உண்மைதான். ஆயினும் அந்த மேடை மரபு சோஃபக்ளீஸ் காலத்திலிருந்தே வந்தது என்பதே என் துணிபு: முதல் நடிகன் அணிந்த முகமூடி ஆன்டிகனியுடையது.