கிண்டிக் குதிரைகளும் லாயத்து இரகசியமும்

புத்தூரைத் தென்னாட்டார் அறிந்திருப்பது எலும்பு முறிவுக்குப் போடும் கட்டினால். குதிரையிலிருந்து விழுந்தவனுக்கு அங்கே கட்டு உண்டு. குதிரையை நம்பி விழுந்தவனுக்கு எவ்வூரிலும் இல்லை. அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு மலக்பேட்டை, பெங்களூர், மகாலட்சுமி மைதானங்கள் எட்டும் தொலைவில் இருப்பதால், இப்பொருளைச் சற்று ஆராய்வோம்.

கிண்டியில் 18ஆம் நூற்றாண்டிலேயே குதிரைகள் ஓடின. சென்னைப் பந்தயக் கழகம் 1896இல் அமைந்தது. 1974இல் தமிழக அரசு, பந்தயத்தில் பணம் கட்டுவது சூதே எனக் கருதி, அதனை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று. உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. உச்ச நீதிமன்றமோ, 1996 ஜனவரியில் லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயத்தில் திறமையே மேலோங்கி நிற்கிறது, ஆகவே அது சூதன்று என்று தீர்த்தது. குதிரையின் வேகமும் வலிவும் பயிற்சியால் வருவன. ஜாக்கியின் திறனும் அவ்வாறே என்பது தீர்ப்பின் சாரம். ரம்மி ஆட்டம் பற்றி ஐதராபாத்துப் பக்கத்து வழக்கொன்றில் 1967இல் கூறியதும் இதே போக்குடையது.

ஆனால் பணம் கட்டுவோனின் அறிவு எத்தகையது? ஜாக்கியின் அண்மைக்கால வெற்றி தோல்விகளை, அதாவது அவருடைய 'பார்மை', பந்தயப் புத்தகம் பார்க்கும் எவரும் அறியலாம். எல்லாரும் அறிந்ததற்கு விலை குறைவு. பெயர்பெற்ற ஜாக்கி ஏறிய குதிரைமேல் பலரும் கட்டுவர். கிடைக்கும் ஆதாயம் உடனே சுருங்கும். நல்ல ஜாக்கிக்கு நல்ல குதிரையே வாய்ப்பதால், வெற்றி எவருடையது என்று பிரித்தறிவதும் எளிதன்று.

லாயத்துச் செய்தி வேறு வகை. விடியற்காலைப் பயிற்சியில் குதிரை ஓடிய வேகம், கால் வீக்கம், இன்று மெய்யாகவே முயல்வார்களா என்பது ஆகியவை உள்ளிருப்போர் அறிவன. ஜாக்கி பணம் கட்டக் கூடாது. குதிரையை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தால் ஸ்டூவர்டுகள் விசாரித்துத் தண்டிப்பர். இவ்விதிகள் இருப்பதே நோய்க்குச் சான்றன்றோ! அச்செய்தி பல வாய் கடந்து நம் செவிக்கு எட்டுமுன், அறிந்தவர் கட்டி முடித்திருப்பார். இலவசமாக வந்ததை இரகசியமென்று கொள்வானேன்?

1860களில் பாரிசில் ஜோசப் ஓலர் வகுத்த முறைப்படி, கட்டிய பணம் முழுதும் ஒரே தொகுப்பாகிறது. கழகத்தின் பங்கும் வரியும் கழிந்த பின்பே வென்றோர்க்குப் பங்கிடப்படும். கழிவு 100 ரூபாய்க்கு 20 என்று வைத்துக்கொண்டால், மைதானத்தார் அனைவரும் சேர்ந்து கட்டிய ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 80 ரூபாயே அவர்களுக்குள் திரும்பும். எந்தக் குதிரை வென்றாலும் இக்கணக்கு மாறாது.