ஒரு வருஷம் தனியார் பள்ளிக்கு மாறினால் 7.5% இடஒதுக்கீடு போய்விடுமா? எம்.பி.பி.எஸ். சேர தகுதி என்ன? முழு விவரம்

காஞ்சிபுரத்தைத் தாண்டி வேலூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது தாமல். பெரிய ஏரி, விவசாயம், சுற்றுவட்டாரத்தில் நெசவு என்று இருக்கும் பகுதி. இப்படிப்பட்ட ஊரில் அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, "பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளியில சேர்த்துடுங்க, நீட் கோச்சிங்கும் அங்கேயே கிடைக்கும்" என்று யாராவது சொல்வது சகஜம். ஆனால் அந்த ஒரு முடிவு, மருத்துவ சீட்டுக்கான பெரிய வாய்ப்பையே இல்லாமல் ஆக்கிவிடலாம். ஏன் தெரியுமா?

7.5 சதவீத இடஒதுக்கீடு யாருக்கு?

நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைக்குப் பிறகு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இதில் சேர, 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். அரசு உதவி பெறும் பள்ளிகள் வராது. நடுவில் ஒரு வருஷம் கட்டணம் கட்டி தனியார் பள்ளியில் படித்தாலும் தகுதி போய்விடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இந்த ஒதுக்கீட்டில் தனியார் மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தறிக் கூலியை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவே வேண்டாம்.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் படித்தாலும் உயிரியலாகவே எடுத்துக்கொள்ளப்படும். உயிரி தொழில்நுட்பமும் ஏற்கப்படும். ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். கணிதம் கட்டாயமில்லை. உயிரியல் இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள், அதைக் கூடுதல் பாடமாக எழுதி தேர்ச்சி பெறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. ஆனாலும் பிளஸ் ஒன்னிலேயே சரியான குரூப் எடுப்பதுதான் நல்லது.

இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து பொதுப் பிரிவினர் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்பது நீண்டகாலமாக இருக்கும் அளவுகோல். விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டில் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வயது? சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். அதிகபட்ச வயது வரம்பு கிடையாது.

நீட் தேர்வு எப்படி?

2025 முதல் மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள், 3 மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். தமிழிலும் எழுதலாம்.

தகுதி பெற பொதுப் பிரிவுக்கு 50 பர்சன்டைல், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 பர்சன்டைல் வேண்டும். இது 360 மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று அர்த்தமல்ல. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேரை முந்தியிருக்கிறோம் என்பதுதான் பர்சன்டைல். தகுதி பெற்றாலே சீட் உறுதி என்றும் கிடையாது. தரவரிசைப்படிதான் இடம்.

நீட் பாஸ் ஆனால் போதுமா?

போதாது. இங்குதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிசல்ட் வந்ததும் மாநில கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதத்தை மாநிலத் தேர்வுக் குழு நிரப்பும். மீதி 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு எம்.சி.சி. இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தமிழகத்தின் 69 சதவீத இடஒதுக்கீடும், 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் மாநில இடங்களுக்குத்தான்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. சலுகை கேட்பவர்களுக்கு மாநில சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே தயாராக வைத்திருப்பது நல்லது. இரண்டு மூன்று பள்ளிகளில் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

பக்கத்தில் எந்தக் கல்லூரி?

2019-இல் மாவட்டம் பிரிந்தபோது, 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. வேலூரிலும் திருவள்ளூரிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. காஞ்சிபுரம் ஏனாத்தூரில் இருப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. நிகர்நிலை இடங்களுக்கு எம்.சி.சி. மூலம்தான் சேர்க்கை, அங்கே 7.5 சதவீத ஒதுக்கீடு பொருந்தாது. விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை வருஷப் படிப்பு?

நாலரை வருஷம் படிப்பு, அதன்பின் ஒரு வருஷம் கட்டாய இன்டர்ன்ஷிப். மொத்தம் ஐந்தரை வருஷம். முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். இரண்டாம் ஆண்டில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அதன்பிறகு தடயவியல் மருத்துவம், சமுதாய மருத்துவம், பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம் எல்லாம் வரும்.

முதல் ஆண்டுத் தேர்வில் தேற அதிகபட்சம் 4 வாய்ப்புகள். சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். மாணவர்கள் கிராமங்களில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நலத்தைக் கவனிக்கும் திட்டமும் பாடத்திட்டத்தில் உண்டு.

ஆக, டாக்டர் கனவு உள்ள பிள்ளையின் பெற்றோர் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும்: உயிரியல் உள்ள குரூப், படிக்கும் பள்ளி. டி.சி. வாங்குவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.